பழைய காரின் எஞ்சின் உறுப்புகளுக்குப் பொடிப் பூச்சு



நம் நாட்டுச் சாலைகளில் ஒரு காலத்தில் மோரிஸ் மைனர், ஆஸ்டின், வோல்க்ஸ்வாகன் முதலிய சிறு கார்கள் நிறைந்திருந்தன. தோட்டத்துக் கிராணிமாரும் மருந்தக டிரஸர்மாரும் பள்ளி ஆசிரியர்களும் தவணை கட்டி வாங்கிய கார்கள் அவை. அவற்றுள் பல இன்று இரும்புக் கடைகளுக்குப் போய்விட்டன. எஞ்சியவற்றைச் சிலர் வீட்டுக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து, மீண்டும் ஓட வைக்க முயல்கிறார்கள். தாத்தாவின் கார் என்பதற்காகவே அதில் பணம் போடும் இளைஞர்களை நாம் அறிவோம். அவர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: எஞ்சினைக் கழற்றிச் சுத்தம் செய்தாகிவிட்டது, அதன் மூடிகளுக்கும் தாங்கிகளுக்கும் சாதாரணச் சாயம் அடிப்பதா, பொடிப் பூச்சுக் கொடுப்பதா? பட்டறைகளில் பவுடர் கோட்டிங் என்று சொல்கிறார்களே, அதைத்தான் இன்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க, ஒரே காரை முன்னால் நிறுத்திக்கொள்வோம். மோரிஸ் மைனர் 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். பிற்காலத்தில் மினி காரை உருவாக்கியவரும் அவரே. மோரிஸும் ஆஸ்டினும் 1952-இல் ஒரே நிறுவனமாக இணைந்த பிறகு, ஆஸ்டினின் ‘ஏ’ வரிசை எஞ்சின் மைனரில் பொருத்தப்பட்டது. முதலில் 803 சி.சி., 1956-இல் 948 சி.சி., 1962-இல் 1098 சி.சி. என்று அது வளர்ந்தது. வார்ப்பிரும்பாலான உடல், வார்ப்பிரும்பாலான தலை, தகரத்தை அழுத்திச் செய்த மேல்மூடி, முன்மூடி, எண்ணெய்த் தொட்டி, அங்கங்கே அலுமினிய வார்ப்புகள். நமது பாடத்திற்கு வேண்டிய எல்லா உலோகங்களும் இந்த ஒரே எஞ்சினில் இருக்கின்றன.

பொடிப் பூச்சு என்பது என்ன? சாதாரணச் சாயத்தில் பிசினும் நிறமும் ஒரு கரைப்பானில் கரைந்திருக்கும். கரைப்பான் ஆவியாகப் போனபின் மிஞ்சுவதே படலம். பொடிப் பூச்சில் கரைப்பானே கிடையாது. பிசின், அதைக் கெட்டியாக்கும் பொருள், நிறப்பொருள் ஆகிய மூன்றையும் உருக்கிக் கலந்து, ஆறவைத்து, மாவாக அரைத்துவிடுகிறார்கள். ஜெர்மனியில் 1950களில் சூடான உறுப்பைப் பொடியில் முக்கி எடுக்கும் முறையாக இது தொடங்கிற்று. 1960களில் மின்னேற்றித் தெளிக்கும் முறை வந்தது. இன்று பட்டறைகளில் நாம் காண்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது முறையே.

தெளிக்கும் துப்பாக்கியின் முனையில் ஏறத்தாழ 60,000 முதல் 100,000 வோல்ட் வரை மின்னழுத்தம் இருக்கும். மின்னோட்டம் மிகமிகச் சிறிது. முனையைக் கடந்து வரும் ஒவ்வொரு துகளும் மின்னேற்றம் பெறுகிறது. பூச வேண்டிய உறுப்பை எர்த்துடன் இணைத்துக் கொக்கியில் தொங்கவிட்டிருப்பார்கள். துணியில் தேய்த்த சீப்பு காகிதத் துண்டுகளை இழுப்பதைப் பள்ளியில் பார்த்திருக்கிறோம் அல்லவா? அந்த விதிப்படியே துகள்கள் உலோகத்தின் மேல் பாய்ந்து ஒட்டிக்கொள்கின்றன. பின்புறத்தில்கூடச் சிறிது வளைந்து போய் ஒட்டும். இந்த நிலையில் ஊதினால் பொடி பறந்துவிடும். பிறகு அடுப்பில் வைக்கிறார்கள். பொடி உருகி, ஓடிப் பரவி, 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பின்னிய பிறகு மறுபடி சூடாக்கினாலும் அது உருகாது. படலத்தின் கனம் 60 முதல் 80 மைக்ரான் வரை இருக்கும்; நம் தலைமயிர் ஒன்றின் பருமன் என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரண எனாமலை ஒரு தடவை பூசினால் இந்தக் கனம் வராது.

கல் பட்டாலும், ஸ்பானர் தவறி விழுந்தாலும், எண்ணெய் வழிந்தாலும் பொடிப் பூச்சு தாங்குகிறது என்பதற்கு இந்தக் கனமும் பின்னலுமே காரணம். ஆயினும் பொடி தன் வலிமையால் உலோகத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. அடியிலுள்ள உலோகம் எவ்வளவு தூய்மையாகவும் சொரசொரப்பாகவும் இருக்கிறதோ, அவ்வளவுக்குத்தான் அது பிடிக்கும். அரைகுறையாகத் துடைத்த தகரத்தின் மேல் பூசிய பொடி ஓராண்டு பளபளக்கும். ஒரு சிறு கீறல் விழுந்ததும் அதன் வழியே ஈரம் புகுந்து, படலத்தின் அடியில் துரு ஊர்ந்து செல்லும். பிறகு வாழையிலையை உரிப்பதுபோல் முழுத் தகடாகப் பெயர்ந்து வரும். சாயமாக இருந்தால் அந்த ஓர் இடத்தைத் தேய்த்துத் தொட்டுவிடலாம். பொடிப் பூச்சில் ஒட்டுப்போடும் வேலை சரியாக அமைவதில்லை. முழுவதையும் உரித்து மீண்டும் தொடங்க வேண்டும்.

ஆகவே எந்த உறுப்புகளைப் பூசலாம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். மைனரில் ராக்கர் கவர் எனப்படும் மேல்மூடி, டைமிங் சங்கிலியின் முன்மூடி, காற்று வடிகட்டியின் தகரப் பாத்திரம், டைனமோ தாங்கி, மின்கலத் தட்டு, எஞ்சின் தாங்கும் இரும்புகள் ஆகியவை இதற்கு மிகவும் ஏற்றவை. எண்ணெய்த் தொட்டியின் வெளிப்புறத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். சாலைக் கல் அடிக்கும் இடம் அது.

ரேடியேட்டரை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. பழைய ரேடியேட்டர்களின் பித்தளைத் தொட்டியும் குழாய்களும் ஈயப்பற்றினால் இணைக்கப்பட்டவை. ஈயமும் வெள்ளீயமும் கலந்த அந்தப் பற்று 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். அடுப்பிலிருந்து எடுக்கும்போது அது ரேடியேட்டராக இராது. தனித்தனித் துண்டுகளாகக் கிடக்கும். அப்படியே தப்பினாலும், கனமான படலம் வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். பெட்ரோல் பம்பு, கார்புரேட்டர் முதலியவற்றையும் விலக்கிவிடுங்கள். நாகக் கலவை வார்ப்புகளில் சூடேறும்போது உள்ளிருக்கும் வாயு கொப்புளமாகக் கிளம்பும். சுருள்வில்களும், வெப்பத்தால் பதப்படுத்திய அலுமினிய உறுப்புகளும் இருநூறு டிகிரியில் நெடுநேரம் கிடந்தால் தம் பதத்தை இழக்கக்கூடும். விசிறிப் பட்டை ஓடும் கப்பியின் பள்ளத்தில் பூச்சு இருந்தால், பட்டை அதைச் சில நாளில் அரைத்துத் தூளாக்கிவிடும். எஞ்சின் உடலையோ நாம் பொடிக்குக் கொடுக்கச் சொல்வதில்லை. அவ்வளவு கனமான வார்ப்பிரும்பு சூடேறவே நெடுநேரமாகும். உள்ளே எண்ணெய் வழிகளும் தாங்கிகளும் இருக்கின்றன. நல்ல எஞ்சின் எனாமலைத் தூரிகையால் இரண்டு தடவை பூசினால் போதும். எஞ்சின் எண் பொறித்த தகட்டை மட்டும் எதனாலும் மூடிவிடாதீர்கள். கார் கைமாறும்போது பரிசோதகர்கள் தேடிப் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

இனி, சுத்தம் செய்யும் வேலைக்கு வருவோம். இங்கேதான் நாம் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது.

முதலில் எண்ணெய்ப் பசை போக வேண்டும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்து, பிறகு சவர்க்கார நீரில் கழுவி, காயவைக்க வேண்டும். இரும்புத் தகரத்திலுள்ள பழைய சாயத்தை உரிக்கச் சிலர் காஸ்டிக் சோடாவைப் பயன்படுத்துகிறார்கள். கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்தால் இரும்புக்கு அது சரி. அதே தொட்டியில் அலுமினிய உறுப்பைப் போட்டால், நுரைத்து அரித்து உறுப்பையே தின்றுவிடும். இதைத் தெரியாமல் செய்வோர் உண்டு என்பதால் அழுத்திச் சொல்கிறோம்.

அதன்பின் மணல்வீச்சு. பெயர்தான் மணல்வீச்சு, மணலை வீசக் கூடாது. ஆற்று மணலின் நுண்தூள் நுரையீரலில் தங்கி, குணப்படுத்த முடியாத நோயைத் தரும். நல்ல பட்டறைகள் அலுமினிய ஆக்ஸைடு என்னும் கடினத் துகளைக் காற்றழுத்தத்தால் வீசுகின்றன. இது பழைய சாயத்தையும் துருவையும் அகற்றுவதோடு, பொடி பற்றிக்கொள்ளும் சொரசொரப்பையும் தருகிறது. கண்ணாடி மணிகளை வீசினால் மேற்பரப்பு அழகாக மின்னும். ஆனால் பிடிப்புக் குறைவு. மேல்மூடி மெல்லிய தகரம் ஆகையால், காற்றழுத்தத்தைக் குறைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் வீச வேண்டும். இல்லையேல் தகரம் நெளிந்துவிடும். நெளிந்த மூடியின் ஓரம் தக்கைக் கேஸ்கட்டின் மேல் ஒழுங்காக உட்காராது. பிறகு எண்ணெய்க் கசிவை நிறுத்தவே முடியாது.

அலுமினிய ஆக்ஸைடின் கடினம் எப்படிப்பட்டது தெரியுமா? கனிமங்களைக் கடினத்தின்படி 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினால், வைரத்துக்குப் பத்து, இதற்கு ஒன்பது. இதையே காகிதத்தில் ஒட்டி உப்புத்தாளாக விற்கிறார்கள். எஞ்சினுக்குள் இருக்கும் தாங்கிகளின் உலோகமோ மிக மிருதுவானது. இந்தத் துகள் ஒன்று எண்ணெயோடு உள்ளே போனால் தாங்கியில் பதிந்துகொண்டு, சுழலும் கிராங்க் தண்டை இரவு பகலாக அறுத்துக்கொண்டே இருக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நமக்கு நன்கு தெரிந்தவர், தம்முடைய மைனரின் எஞ்சினை முழுக்கப் புதுப்பித்தார். சிலிண்டர்களைக் கடைந்து, புதிய பிஸ்டன், புதிய தாங்கிகள் எல்லாம் போட்டார். சேமிப்பில் கணிசமான பகுதி அதில் கரைந்தது. மேல்மூடியையும் முன்மூடியையும் ஒரு பட்டறையில் கொடுத்துத் துகள் வீசிப் பொடிப் பூச்சுச் செய்து வாங்கினார். பச்சை நிறத்தில், மெருகாக, பார்த்தவர் எல்லாம் மெச்சும்படி வந்தன. எஞ்சின் நன்றாகவே ஓடிற்று. சில வாரங்களில், சூடேறியபின் மெதுவாக ஓடும்போது, எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிறு விளக்கு கண் சிமிட்டத் தொடங்கியது. அவர் அதை விளக்கின் கோளாறு என்று எண்ணவில்லை; உடனே நிறுத்திவிட்டுத் தொட்டியைக் கழற்றச் சொன்னார். தாங்கிகள் மூன்றிலும் கோடு கோடாகக் கீறல். தொட்டியின் அடியில் நகத்தால் வழித்தால் நறநறவென்று துகள். அந்த முன்மூடியின் பக்கத்தில் எண்ணெய் ஆவியைப் பிரிக்கும் ஒரு சிறு டப்பி உண்டு, அதனுள்ளே கம்பிவலை. வீசிய துகள் அதற்குள் போய்ச் சிக்கியிருந்தது. பூச்சுச் செய்தவர் வெளியே பார்த்தார்; பொருத்தியவரும் வெளியே பார்த்தார். கிராங்க் தண்டை மறுபடி கடைய வேண்டியதாயிற்று. ஆசிரியர் அந்த ஆண்டு முழுவதும் பேருந்தில்தான் போனார்.

எஞ்சினில் எண்ணெய் வடிகட்டி இருக்கிறதே, அது என்ன செய்தது என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எண்ணெய்ப் பம்பு வடிகட்டிக்கு முன்னால் இருக்கிறது. ஆகவே முதல் அடி பம்புக்கு. பம்பின் வாயிலுள்ள சல்லடை பெரிய குப்பையைத்தான் தடுக்கும். எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது, வடிகட்டியைச் சுற்றிப்போகும் வால்வு திறந்துகொள்ளும். அப்போது வடிகட்டாத எண்ணெயே தாங்கிகளுக்குப் போகிறது. இவை தவிர, மேல்மூடியிலிருந்து உதிரும் துகள் நேராக ராக்கர்களின் மேலும் வால்வுத் தண்டுகளின் மேலும் விழுகிறது. டைமிங் சங்கிலிக்கும் அதே கதி. இந்த இடங்களுக்கு வடிகட்டியின் உதவி கிடையாது.

எனவே ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். உள்ளே மறைவிடமோ, இரட்டைத் தகரமோ, கம்பிவலையோ உள்ள எந்த உறுப்பையும் துகள்வீச்சுக்குக் கொடுக்காமல், சாயம் உரிக்கும் மருந்தைக் கொண்டு உரித்து, கையால் உப்புத்தாள் தேய்ப்பதே நலம். நேரம் அதிகம் பிடிக்கும், பிடிக்கட்டும். வீசித்தான் ஆகவேண்டும் என்றால், எல்லாத் துளைகளையும் ரப்பர் அடைப்பான் வைத்து மூடிவிட வேண்டும். திருகாணியிலோ ரிவெட்டிலோ நிற்கும் உள்தகடு இருந்தால் கழற்றிவிட வேண்டும். வேலை முடிந்து வந்ததும் சுடுநீரில் கழுவி, காற்றடித்து, மூடியைக் கவிழ்த்துப் பிடித்து, வெள்ளைத் துணியின் மேல் ரப்பர்ச் சுத்தியால் தட்டிப் பாருங்கள். துணியில் ஒன்றுமே விழாத வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். காந்தத்தை நம்பிப் பயனில்லை. இந்தத் துகளைக் காந்தம் இழுக்காது.

அலுமினிய வார்ப்புகளுக்கு வேறொரு தொல்லை உண்டு. மைனரின் தலையில் தண்ணீர் வெளியேறும் வளைவுக் குழாய் அலுமினிய வார்ப்பு. அந்த உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். ஆண்டுக்கணக்கில் அவற்றில் எண்ணெயும் நீரும் ஊறியிருக்கும். வெளியே எவ்வளவு தேய்த்தாலும் அவை போகமாட்டா. பொடி பூசி அடுப்பில் வைத்ததும் அவை ஆவியாகி, உருகிய படலத்தைக் குத்திக்கொண்டு வெளிவரும். ஆறிய பிறகு பார்த்தால் அம்மைத் தழும்பு போலக் குழிகள். இதற்கு மருந்து, பூசுமுன் வெறும் வார்ப்பை அடுப்பில் வைத்து, பூச்சுக்கு வேண்டிய வெப்பத்தைவிடப் பத்து இருபது டிகிரி கூடுதலாகச் சூடாக்கி, வேர்க்கவிடுவதுதான். வேர்த்த எண்ணெயைத் துடைத்து, மறுபடி சூடாக்கி, வேர்வை நிற்கும்வரை செய்ய வேண்டும். அவசரக்காரப் பட்டறைகள் விட்டுவிடும் படி இதுவே. கொடுக்கும்போதே வாய்விட்டுக் கேளுங்கள்.

சுத்தமான இரும்பை நம் நாட்டுக் காற்றில் விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. காலையில் வீசிய தகரம், மாலை மழைக்குள் மஞ்சள் பூத்துவிடும். ஆகையால் வீசிய அன்றே பூச வேண்டும். இடையில் வெறுங்கையால் தொடக் கூடாது. வியர்வையின் உப்பு போதும், விரல் ரேகையின் வடிவிலேயே பின்னால் துரு எழும்பும். இரும்புக்குப் பாஸ்பேட் குளியல் கொடுத்தால் பிடிப்பும் துரு எதிர்ப்பும் கூடும். மின்கலத் தட்டுப் போன்ற உறுப்புகளுக்கு, நாகப்பொடி கலந்த எபாக்ஸி முதற்பூச்சு ஒன்றை அடியில் கொடுப்பது செலவுக்குத் தக்க பயன் தரும். கடற்கரைப் பட்டணங்களில் இருப்போர் இதைத் தவறாது செய்யலாம். கூர்மையான ஓரங்களை அரத்தால் சற்று மழுக்கிவிடுங்கள். உருகும் பொடி கூர்முனையிலிருந்து விலகி ஓடுமாகையால், அங்கே படலம் மெலிந்து, துரு முதலில் அங்கிருந்துதான் கிளம்பும்.

அடுத்து, எங்கெல்லாம் பூச்சு இருக்கக் கூடாது என்று பார்க்க வேண்டும். மரை உள்ள துளைகள், கேஸ்கட் உட்காரும் முகங்கள், தாங்கிகளின் குழிகள், எண்ணெய் முத்திரை அமரும் வளையம் ஆகியவற்றை வெப்பம் தாங்கும் நாடாவாலும் சிலிக்கோன் அடைப்பான்களாலும் மறைக்க வேண்டும். முன்மூடியில் இருக்கும் பழைய முத்திரை ரப்பரானாலும் கம்பளியானாலும் அதை முன்பே எடுத்துவிட வேண்டும். மூடிகளின் உட்புறத்தைப் பூசவே வேண்டாம். சூடான எண்ணெய் தெறிக்கும் இடம் துருப்பிடிக்காது. உள்ளே பூசிய படலம் என்றாவது உரிந்தால், பம்பின் சல்லடையைப் போய் அடைக்கும். தாங்கிகளை இறுக்கும் போல்ட்டின் தலைக்கடியிலும் பூச்சு வேண்டாம். கனமான படலம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கும். நசுங்கிய அளவுக்குப் போல்ட் தளரும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பொடிப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. எஞ்சினுக்கும் காரின் உடலுக்கும் இடையே ஓர் எர்த் பட்டை இருக்கும். அது உட்காரும் இடத்தைப் பூசிவிட்டால், எஞ்சினைக் கிளப்பும் மோட்டாருக்கு வேண்டிய நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியர் மின்சாரம் வேறு வழி தேடும். பழைய ஆங்கிலக் கார்களில் அதற்குக் கிடைக்கும் வழி, கார்புரேட்டருக்குப் போகும் சோக் கம்பி. மெல்லிய கம்பி பழுத்துச் சிவந்து, உறை உருகி, புகை எழும்பும். பக்கத்தில் பெட்ரோல் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஆகவே எர்த் பட்டையின் இரு முனைகளிலும் உலோகம் பளிச்சென்று தெரிய வேண்டும்.

பொடியின் வகையைத் தெரிந்துகொள்வதும் நல்லது. எபாக்ஸி வகை எண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் ஈடுகொடுக்கும். துரு எதிர்ப்பிலும் சிறந்தது. ஆனால் வெயில் பட்டால் சுண்ணாம்பு பூத்துப்போகும். பாலியெஸ்டர் வகை வெயிலைத் தாங்கும். எஞ்சின் பெட்டிக்குள் வெயில் ஏது? எனவே எபாக்ஸியோ, இரண்டும் கலந்த வகையோ இங்கே போதும். நிறத்தைப் பொறுத்தமட்டில், கண்ணாடிபோல் மின்னும் பூச்சை நாம் விரும்புவதில்லை. ஐம்பதுகளின் எஞ்சின் தொழிற்சாலையிலிருந்து அப்படி வெளிவரவில்லை. அரை மினுக்கம் உள்ள பொடியே பழைய எனாமலுக்கு அருகில் நிற்கும். பிளாஸ்டிக் சாமான்போல் தோன்றாது.

தெளிப்பவரின் கைத்திறன் பள்ளங்களில் தெரியும். ஆழமான மூலைக்குள் பொடி எளிதில் போகாது. மின்னேற்றம் பெற்ற துகள்கள் விளிம்புகளிலேயே சேர்ந்துவிடும். தேர்ந்தவர் மின்னழுத்தத்தைக் குறைத்து, மூலைகளை முதலில் தெளித்துவிட்டு, வெளிப்புறத்துக்குப் பிறகு வருவார்.

சுடுவதில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று. பொடி உற்பத்தியாளர் 200 டிகிரியில் பத்து நிமிடம் என்று எழுதியிருந்தால், அது உலோகம் 200 டிகிரியை அடைந்த பிறகு பத்து நிமிடம். அடுப்பின் முள் 200-ஐக் காட்டியதிலிருந்து அன்று. மெல்லிய மேல்மூடி விரைவில் சூடாகிவிடும். அதனோடு தொங்கும் கனமான வார்ப்புத் தாங்கிக்கு அரைமணிக்கு மேலும் ஆகலாம். இரண்டையும் ஒரே கடிகாரத்தில் எடுத்தால், தாங்கியின் பூச்சு வேகாமல் நிற்கும். வேகாத பூச்சும் பார்வைக்குப் பளபளப்பாகத்தான் இருக்கும். சிறு அடியில் சில்லாகத் தெறிக்கும், பெட்ரோல் பட்டால் பிசுபிசுக்கும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எம்.ஈ.கே. எனும் கரைப்பானில் நனைத்த பஞ்சால், மறைவான ஓரிடத்தில் ஐம்பது முறை முன்னும் பின்னும் தேய்க்கலாம். மினுக்கம் சற்று மங்குவது குற்றமில்லை. நிறம் தாராளமாகப் பஞ்சில் ஏறி, படலம் மெத்தென்று ஆனால், வேகவில்லை என்று பொருள். இதைவிடவும் நல்லது, உறுப்புகளோடு ஒரு வெறுந்தகட்டையும் சேர்த்துப் பூசிச் சுடச் சொல்வது. அந்தத் தகட்டைக் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, நாடாவை ஒட்டி, வெடுக்கென்று இழுத்துப் பார்க்கலாம், வளைத்துப் பார்க்கலாம், மூடிக்குச் சேதமில்லை.

வீட்டிலேயே செய்துபார்க்கும் சிறு கருவிகள் கிடைக்கின்றன. ஆர்வமுள்ளவர்களை நாம் தடுக்கவில்லை. ஆனால் சமையல் அடுப்பில் சுட்ட பிறகு அதே அடுப்பில் உணவு சமைக்கக் கூடாது. காற்றில் அடர்ந்து மிதக்கும் பொடி, ஆலைகளில் மாவுத் தூசு வெடிப்பதுபோல் வெடிக்கும். ஆகவே திறந்த தீ, எரிவாயு அடுப்பு ஆகியவற்றின் அருகே தெளிக்க வேண்டாம். மூக்குக் கவசமும் வேண்டும். பொடியைக் காற்றுப் புகாத டப்பியில், குளிர்ந்த இடத்தில் வையுங்கள். நம் ஈரக் காற்றில் அது கட்டி தட்டிவிடும். கட்டியான பொடி துப்பாக்கியில் திக்கித் திக்கி வரும்.

முடிக்குமுன், நேயர்கள் பலரும் கேட்கும் ஒரு சந்தேகம். புகைபோக்கியின் முதல் குழாயை, அதாவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை, மற்ற உறுப்புகளோடு சேர்த்துப் பூசலாமா? சாதாரணப் பொடியால் முடியாது. வேகமாக ஓட்டும்போது அந்த வார்ப்பிரும்பின் வெப்பம் சில நூறு டிகிரிகளைத் தொடும். எபாக்ஸியும் பாலியெஸ்டரும் அங்கே கருகி உதிர்ந்துவிடும். கருகும் நாற்றம் காருக்குள்ளும் வரும். சிலிக்கோன் பிசினில் செய்த தனிப் பொடிகள் உண்டு; 500 டிகிரிக்கு மேலும் தாங்குபவை; கருப்பு, வெள்ளி முதலிய சில நிறங்களில்தான் கிடைக்கும். பீங்கான் கலந்த பூச்சுகள் இன்னும் சிறந்தவை, விலையும் அதற்கேற்ப. மைனரில் பெட்ரோல் கலவை உள்ளே வரும் குழாயும் இதுவும் அடுத்தடுத்து இறுக்கப்பட்டிருக்கும். பூசியபின் இரண்டின் முகங்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று நேர்விளிம்புப் பட்டையை வைத்துப் பார்த்துவிட்டுப் பொருத்துங்கள். முதல் நூறு மைல் ஓடியபின், எஞ்சின் ஆறியதும், நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கிவிடுங்கள். மேல்மூடியின் இரண்டு நட்டுகளை மட்டும் அளவோடு இறுக்குங்கள். தக்கை நசுங்கத் தொடங்கியதும் கையை எடுத்துவிடலாம்.